அடுப்படியில் வைத்த சிவப்புப் பட்டன்

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சித்தாளாக வந்து, சுவரில் பைப் போட வெட்டிக்கொடுத்து, அப்புறம் அந்தப் பைப்புக்குள் வயர் இழுத்து, இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குள் வந்து சேர்ந்தேன். எந்த வயரை எதில் மாட்டுவது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் எனக்கு வந்த குழப்பத்தை மட்டும் சொல்கிறேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் குழப்பத்தில் பாதி என்னிடம்தான் இருக்கிறது.

வீட்டுக்குப் பாயிண்ட் குறிக்கும்போது நாம் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்போம். வெறும் அறையில் நின்றுகொண்டு, கட்டில் எங்கே வரும், டிவி எங்கே வரும், சாமி படம் எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்போம். வீட்டுக்காரர் கையைக் காட்டுவார். சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம். கட்டில் ஒரு முறை போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். அதனால் இந்த வழக்கம் வீடுகளில் பெரிதாகத் தப்பியதில்லை.

நான் சொல்ல வருவது மரவேலை செய்கிற ஒரு ஷெட். கீரனூரிலிருந்து குடுமியான்மலைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டின் பின்பக்கம் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் சண்முகம். திருச்சியில் ஒரு பட்டறையில் மரவேலை பார்த்தவர். காலையில் கீரனூர் போய்ப் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாராம். அந்தப் பட்டறையில் ரம்ப மெஷினில் கை போய், இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் ஊருக்குத் திரும்பினார். ரொம்ப நாள் சும்மா இருந்தார். சும்மா இருக்க முடியாமல்தான் இந்த ஷெட். பலகையை அறுக்கிற ரம்ப மேஜை ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். அது இன்னும் வந்து சேரவில்லை.

அவர் மனைவி செல்வி. மெஷின் என்ற சொல்லே அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நின்றவர். எத்தனையோ பேச்சுக்குப் பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று அடுப்படியில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வருகிற மெஷின் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட வேண்டும்.

நான் போன முதல் நாளே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு அதைச் சொன்னார்.

"அக்கா, எனக்கு இந்த இடத்துல ஒரு சுவிட்ச் வேணும். அமுக்குனா அங்க மெஷின் நிக்கணும். அன்னிக்கு இவருக்கு வெரல் போனப்ப ஆஃப் பண்ண பக்கத்துல ஒரு ஆளு இல்லையாம். ஒரு ஆளு இருந்திருந்தா வெரல் இருந்திருக்கும். இனிமே நான் இருக்கேன்ல?"

சரிம்மா என்றேன். எனக்கு எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சுவரைப் பார்த்துத்தான் பேசுவேன். இந்த வேலையில் அது ஒரு வகையில் தோதாகப் போய்விட்டது. சுவரைப் பார்க்கிறவள் வேலையைப் பார்க்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

ஷெட்டுக்கு வந்து சாக்பீஸை எடுத்தேன். வழக்கம்போல மெஷின் எங்கே வரும் என்று கேட்டேன். சண்முகம் நட்ட நடுவில் நின்று, "இந்தா, இங்கதான்" என்றார். நடுவில் நிற்கிற மெஷினுக்குச் சுவரில் எங்கே பாயிண்ட் வைப்பது? பக்கத்தில் இருக்கிற சுவரில் ஒரு கட்டம் போட்டேன். அவர் வந்து தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்துவிட்டார்.

"இங்கிட்டு வேணாம்க்கா. இங்கிட்டுக் கட்டை சாத்தி வைப்பேன்."

எதிர்ச் சுவரில் போட்டேன். அதையும் துடைத்தார். "இது பலகை வெளிய வர்ற பக்கம்."

வாசல் பக்கம் போனேன். அதற்குள் செல்வி எட்டிப் பார்த்து, "அங்கிட்டு வைக்காதீங்க அக்கா, மழை பேஞ்சா சாரல் நேரா அங்கதான் அடிக்கும்" என்றார்.

சுவர் முழுக்க வெள்ளைத் திட்டாகிவிட்டது. எது நான் போட்டது, எது அவர் துடைத்தது என்று எனக்கே தெரியவில்லை. சண்முகமோ இல்லாத மெஷின் முன்னால் நின்று, இல்லாத பலகையைப் பிடித்துக்கொண்டு, அப்படியும் இப்படியுமாக நடந்துகொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. என் கண்ணுக்குக் காலி ஷெட்தான் தெரிந்தது.

"தம்பி, உங்ககிட்ட இருக்கதுலயே நீளமான பலகை எதுவோ அதை எடுத்துட்டு வாங்களேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

வெளியே சாத்தியிருந்த ஒரு வேப்பம் பலகையை இழுத்து வந்தார். அது அவரைவிடப் பெரிய ஆளாக இருந்தது. மூன்று விரல் உள்ள கையால் ஒரு முனையைத் தூக்கியபோது மறுமுனை தரையில் இழுபட்டது. பார்த்துக்கொண்டே நின்ற செல்வி வந்து மறுமுனையைத் தூக்கிக்கொண்டார். மெஷின் வரவேண்டிய இடத்தில் ஒரு பழைய மேஜையைப் போட்டோம். அதன்மேல் பலகையை ஓட்டினார்கள். அவர் தள்ள, செல்வி எதிரில் நின்று வாங்கினார்.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கட்டில் கிடக்கிற பொருள். பலகை நடக்கிற பொருள். உள்ளே வர ஒரு பாதை வேண்டும், அறுபட்டு வெளியே போக அதே அளவுக்கு இன்னொரு பாதை வேண்டும். நான் இரண்டாவதாகப் போட்ட கட்டத்தில் பாயிண்ட் வைத்திருந்தால், ஓடி வருகிற பலகையின் முனை நேராகப் போய் அதை இடித்திருக்கும். முதல் கட்டத்தில் வைத்திருந்தால் சாத்திய கட்டைகளுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருக்க வேண்டும். தரையில் வயரைப் போட்டால் செல்வியின் காலில் மாட்டும்.

கடைசியில் மெஷினுக்கு மேலே உத்தரத்திலிருந்து பைப்பை இறக்குவது என்று முடிவானது. சின்ன மெஷின்களுக்கான பிளக் பாயிண்ட் எல்லாம் வேலை மேஜையின் உயரத்துக்கு மேலே, தூள் அடையாதபடிக்கு, பலகை போகாத சுவரில் வந்தது. பிள்ளைகளே, பட்டறைக்குப் பாயிண்ட் குறிக்கப் போனால், அங்கே இருப்பதிலேயே நீளமான கட்டையை முதலில் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். அதை நடக்க விட்டுவிட்டு அப்புறம் சாக்பீஸை எடுங்கள்.

இது எளிதான பாடம். இதற்குப் பிறகுதான் என் தலை சுற்றியது.

மறுநாள் அடுப்படிச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தேன். செல்வி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சண்முகம் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லாதீங்க. இந்த சுவிட்ச மாட்டுங்க. மாட்டலைன்னா மெஷின உள்ள விடமாட்டா. ஆனா கனெக்ஷன் குடுக்காதீங்க. சும்மா கெடக்கட்டும்."

எனக்குப் புரியவில்லை. "ஏன் தம்பி?"

"வேணாம்க்கா. வேற எடத்துல இருந்து ஒருத்தர் போடுறதும் அணைக்கிறதும் வேணாம். அவ ஏதோ பதட்டத்துல அணைச்சுப்புட்டு, அப்புறம் போட்டுட்டா?"

"போட்டா மெஷின் ஓடும். அவ்வளவுதானே?"

அவர் விரல் போன அந்தக் கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த செல்வியும் சும்மா இருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, அவரு ஏதாவது சொல்லுவாரு. நீங்க கேட்டுக்காதீங்க. மெஷின் வந்ததும் எனக்கு ஒரு தடவை அமுக்கிக் காமிக்கணும். அது நின்னாத்தான் நான் நம்புவேன்" என்றார்.

நான் சுவரை வெட்டினேன். வேறு என்ன செய்வது? ஒருவர் வைக்கச் சொல்கிறார், ஒருவர் வைத்த மாதிரி காட்டச் சொல்கிறார். இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ரம்பத்துக்குப் பயப்படாத மனுஷன் அடுப்படி சுவிட்சுக்கு ஏன் பயப்படுகிறார்? பெண்டாட்டி நிறுத்திவிடுவாளே என்ற ரோஷமா? ரோஷம் என்றால் முகம் வேறு மாதிரி இருக்கும். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் குரலில் ரோஷம் இல்லை.

எங்கள் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். நான் வேலை கற்றது அவரிடம்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்து மோட்டார்களில் அவர் கை படாத ஸ்டார்ட்டர் பெட்டி கிடையாது. அன்றைக்குக் கோட்டைப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ்கட்டி தயாரிக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சத்தம் கூச்சலாக இருந்தது.

"அண்ணே, ஒரே குழப்பமா இருக்கு."

"ஒனக்கு எப்பத்தான் குழப்பமில்ல? சொல்லு."

சொன்னேன். சிரித்தார். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் நம்மகிட்ட பியூஸ் இல்லம்மா. நீயே பாத்து முடி" என்று வைத்துவிட்டார்.

நான் பார்த்து முடித்தது இப்படித்தான். அவர்கள் வீட்டு போர்வெல் வற்றிப்போய், அதன் ஸ்டார்ட்டர் பெட்டி சும்மா கிடந்தது. பச்சைப் பட்டன் அமுக்கினால் ஓடும், சிவப்பு அமுக்கினால் நிற்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்படியில் சிவப்புப் பட்டன் ஒன்றை மட்டும் வைத்தால் என்ன? அடுப்படியிலிருந்து நிறுத்தத்தான் முடியும். ஓட்ட வேண்டும் என்றால் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து பச்சையை அமுக்கினால்தான் ஆகும். செல்விக்கு அவர் கேட்டது கிடைக்கும். சண்முகம் பயப்படுவதும் நடக்காது. சண்முகத்திடம் தனியாகச் சொன்னேன். "அங்கிருந்து போடவே முடியாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முடியாது தம்பி என்றேன். அப்பாடா என்று உட்கார்ந்தார். அந்தப் பயம் என்னவென்று அப்போதும் எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியில் ஆட்டோ சுவிட்ச் ஒன்று இருந்தது. நம் பக்கத்தில் அது இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது கஷ்டம். தோட்டத்துக்குக் கரண்டு கண்ட நேரத்தில் வரும், போகும். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பச்சைப் பட்டனை அமுக்க யாரால் முடியும்? அதனால் கரண்டு வந்ததும் கொஞ்சம் பொறுத்து மோட்டாரைத் தானாகவே ஓட்டிவிடுகிற மாதிரி ஆட்டோவை வைத்துக்கொள்கிறோம். ரம்பத்துக்கு அது எதற்கு? பலகைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. ஆட்டோவின் வயரைக் கழற்றி ஒதுக்கி விட்டேன்.

மெஷின் வந்தது. அதை இறக்கி நிலையாக நிறுத்திய அன்றைக்கு எனக்கு வேறு ஊரில் வேலை. மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தவர், மெஷின் வயரைப் பெட்டியில் சேர்த்து, ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் நான் போனேன், செல்விக்கு அமுக்கிக் காட்ட.

மதியம். வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஷெட்டில் நல்ல வெளிச்சம், லைட் போடத் தேவையில்லை. செல்வி அடுப்படியில் பட்டன் பக்கத்தில் நின்றார். ஜன்னல் வழியாகக் குரல் கேட்கும்.

"நான் அமுக்குங்கன்னு சொன்னதும் அமுக்கணும், சரியாம்மா?" என்றேன்.

"சீக்கிரம் சொல்லுங்க அக்கா, கொழம்பு கொதிக்குது."

சண்முகம் அந்த வேப்பம் பலகையை மேஜையில் வைத்தார். நான் ஒரு பக்கமாக நின்றேன். பச்சையை அமுக்கினார். மெஷின் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பலகையைத் தள்ளினார். ரம்பம் உள்ளே இறங்கி அறுத்துக்கொண்டே போனது. தூள் பறந்தது. பாதி போயிருக்கும். நான் செல்விக்குக் குரல் கொடுக்க வாயெடுத்தேன்.

மெஷின் நின்றுவிட்டது.

சண்முகம் சிரித்தார். "சொல்லுறதுக்கு முந்தியே அமுக்கிட்டா பாருங்க. பொறுமையே கெடையாது அவளுக்கு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டன் வேலை செய்கிறது, வேலை முடிந்தது என்று மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. பலகை ரம்பத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. அதை ஆட்டி எடுப்பதற்கு அவர் மேஜையின் மேல் குனிந்தார். இடது கை பலகையின் ஓரத்தில், ரம்பத்துக்கு அந்தப் பக்கம் போனது.

நான் அடுப்படியைப் பார்த்து, "அமுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

"இல்லையே! நீங்கதான் இன்னும் சொல்லவே இல்லையே!"

அப்புறம் எப்படி நின்றது? சண்முகத்தின் இரண்டு கையும் பலகையில் இருந்தன. அவர் நிறுத்தவில்லை. நானும் தொடவில்லை. பெட்டி கெட்டுவிட்டதா? வயர் விட்டுவிட்டதா? பெட்டியைப் பார்த்தேன். அதன் ஓரத்தில், நான் கழற்றி ஒதுக்கிய வயர் ஒதுங்கியிருக்கவில்லை. ஒழுங்காக மடித்து, முறுக்கி, மாட்டியிருந்தது. கழற்றினேனா, கழற்றுவதாக நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேனா? என் கை செய்ததை என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இது எந்த வயர், அது எந்த வயர், தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

அப்போது அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் மறுபடி வந்தது. "நின்னிருந்த ஃபேனும் சுத்த ஆரம்பிச்சிருச்சு அக்கா, அமுக்கட்டுமா?"

எதனால் என்று எனக்கு அந்த நேரத்தில் முழுசாகத் தெரியாது. தெரிந்துதான் செய்தேன் என்று சொன்னால் பொய். ஃபேன் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பாய்ந்து சண்முகத்தின் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஊரான் வீட்டு ஆண்பிள்ளையின் கையை நான் அதுவரை தொட்டதில்லை. அவர் தடுமாறி என்மேல் சாய்ந்தார். "என்னக்கா!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். யாரும் பச்சையைத் தொடாமல் மெஷின் ஓடத் தொடங்கியது. ரம்பம் பலகையைக் கவ்விப் பின்பக்கமாக எறிந்தது. பலகை மேஜையை விட்டுப் பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது.

அந்தச் சத்தம் கேட்டுச் செல்வி யாரும் சொல்லாமலே சிவப்பை அமுக்கியிருக்கிறார். மெஷின் நின்றது.

அவர் கரண்டியோடு ஓடிவந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது, நான் அவர் புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். எனக்கு அதை விடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விரல்களை எண்ணிப் பார்ப்பது மாதிரி செல்வி அந்தக் கையையே பார்த்தார். இருந்த மூன்றும் இருந்தன.

"என்னாச்சு?"

சண்முகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கரண்டு போயிருக்கு. போயிட்டு வந்திருக்கு" என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, "அன்னிக்கும் இதே மாதிரிதான் செல்வி" என்றார்.

"என்னைக்கு?"

"வெரல் போன அன்னைக்கு."

"அன்னைக்கு மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஆஃப் பண்ண ஆளில்லைன்னு சொன்னீங்க?"

"ஓடல. கரண்டு இல்லாம நின்னுதான் இருந்துச்சு. சுவிட்ச அணைக்காம கைய விட்டேன். கரண்டு வந்துருச்சு. புதுசா வர்ற ஆளுக்கு மொத நாளே சொல்லிக்குடுக்குறது, கரண்டு போனா சுவிட்ச அணைன்னு. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன். அதைப் போயி ஒங்கிட்ட என்னன்னு சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

செல்வி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். இத்தனை நாளாக அவர் எதற்குப் பயந்தாரோ அது நடக்கவே இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. மெஷின் நிற்காமல் போய்விடுமோ என்பது அவர் பயம். நின்ற மெஷின் ஓடிவிடுமோ என்பது சண்முகத்தின் பயம். நான் நடுவில் நின்று இரண்டுக்கும் வயர் இழுத்திருக்கிறேன்.

நான் போய் முதலில் மெயினை அணைத்தேன். மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, நான்தான் மாட்டுனேன். ஆட்டோ வயரு சும்மா தொங்குச்சு. நீ மறந்துட்ட போலன்னு..." அவர் பேச்சு பாதியில் நின்றது. எதை மாட்டினோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கும். "யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்றார். ஒண்ணுமில்ல அண்ணே என்றேன். "நான் வாரேன்" என்று சொல்லி, கோட்டைப்பட்டினத்து வேலையை விட்டுவிட்டு, அவ்வளவு தூரத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வந்து அந்த ஆட்டோவை அடியோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு வேலையை ஆயுசு முழுக்கச் செய்த கை, அந்தப் பெட்டியைப் பார்த்தால் அந்த வேலையைத்தான் செய்யும். எத்தனையோ பேருக்கு அந்த வயர் தொங்கினால் குறை, மாட்டினால் நிறை. இந்த ஒரு ஷெட்டில் மட்டும் அது தலைகீழ்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நமக்கு முன்னால் யார் தொட்டிருந்தாலும், நமக்குக் கற்றுக்கொடுத்தவரே தொட்டிருந்தாலும், பெட்டியை மறுபடி திறந்து பாருங்கள். அதைவிடப் பெரிது ஒன்று. ஒரு மெஷின் நின்றுவிட்டது, யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை என்றால் அது நின்ற மெஷின் இல்லை. கையை எடுங்கள், பக்கத்தில் இருப்பவர் கையையும் எடுங்கள், அப்புறம் காரணம் தேடுங்கள். குழப்பம் தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அன்றைக்குத் தெளிந்தபோது ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு, அந்த ஷெட்டில் மெஷினுக்கு நேர் மேலே கரண்டு இருக்கிறதா இல்லையா என்று காட்டும் ஒரு விளக்கும் வைத்தேன். பகலில் எரிகிறதே என்று வருகிறவர்கள் கேட்கிறார்களாம். கேட்கட்டும்.

செல்வியின் நிபந்தனை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மேஸ்திரி வந்து வேலையை முடித்தபோது சாயங்காலமாகிவிட்டது. மெஷினைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். சண்முகமும் அப்படித்தான் நினைத்தார் போல. பலகையை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, மெஷினைச் சாக்கு போட்டு மூடிக்கொண்டிருந்தார். செல்வி அந்தச் சாக்கை இழுத்துக் கீழே போட்டார்.

"அக்கா, அடுப்படியில இருக்க அந்தச் செவப்புப் பட்டன கழட்டி இங்கிட்டு மாத்திக் குடுங்க."

"எங்க வைக்கணும்மா?"

அவர் நடந்துபோய் மேஜைக்கு எதிர்ப்பக்கம், அறுபட்ட பலகை வெளியே வருகிற இடத்தில் நின்றார். கையை நீட்டிக் காட்டினார். "நான் இங்க நிப்பேன். பலகைய வாங்குறதுக்கு ஆளு வேணும்ல? எனக்கு எட்டுற மாதிரி வைங்க."

சண்முகம் என்னைப் பார்த்தார். "அவ எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை நடுங்கும்க்கா."

"நடுங்கட்டும்" என்றார் செல்வி. "நடுங்குற கை உள்ள போகாது."

அந்தப் பட்டனை அங்கே வைத்தது சரியா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பலகை வரும் வழியை அடைக்காமல், அவர் கைக்கும் எட்டவைக்க, உத்தரத்திலிருந்து தனியாக ஒரு பைப்பை இறக்க வேண்டியிருந்தது. பார்க்க நன்றாகவும் இல்லை. எந்தப் பட்டறையிலும் அப்படி ஒன்று தொங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் மறுநாள் அதை மாட்டி முடித்ததும் இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். சண்முகம் பச்சையை அமுக்கிப் பலகையை வைத்தார். ரம்பத்தில் முனை பட்டதும் மெஷின் நின்றது. அவர் பதறிப்போய் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. வேல செய்யுதான்னு பாத்தேன்."

மறுபடி பச்சையை அமுக்கினார். பலகை கொஞ்சம் உள்ளே போனது. மறுபடி நின்றது. இந்த முறையும் கை மேலே போனது.

"இப்ப என்ன?"

"கைய எடுக்குறீங்களான்னு பாத்தேன்" என்றார் செல்வி. "ம், இப்ப அறுங்க."